எல்லையின் இருபுறமும் ஒரே மேளம்

காவிரியின் கடைமடையில், ஒரு பக்கம் கடலும் மற்ற பக்கங்களில் தமிழ்நாடுமாக அமைந்திருக்கிறது காரைக்கால். நாகூரைத் தாண்டி வாஞ்சூர் சோதனைச்சாவடியைக் கடந்தால் புதுச்சேரி ஆட்சி. வடக்கே பூவம் தாண்டி நண்டலாற்றுப் பாலத்தில் ஏறி இறங்கினால் மறுபடியும் தமிழ்நாடு. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்த பின்னும் இப்பகுதி தனி ஆட்சிப் பரப்பாகவே தொடர்ந்தது. அதைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. காரைக்கால் மக்களுக்குத் தங்கள் ஊரின் தனி வரலாற்றின் மேல் நியாயமான பெருமை உண்டு. இரண்டு அரசுகளும் இந்த எல்லையைச் சுற்றி வாழும் மேளக்காரர்களை அவரவர் கோட்டுக்குள் நிற்கும் வரை மட்டுமே கலைஞர்களாகக் காண்கின்றன என்பதே என் வருத்தம்.

ஒரு நாகஸ்வர செட்டில் நாயனம் ஊதுபவர் திருநள்ளாற்றுப் பக்கத்துக்காரராக இருப்பார். தவில்காரர் பேரளத்திலிருந்து வருவார். தாளம் போடும் பையன் தரங்கம்பாடி அருகே ஏதாவது ஒரு சிற்றூரைச் சேர்ந்தவனாக இருப்பான். முகூர்த்த நாளில் இவர்கள் கோடு பார்த்துச் சேர்வதில்லை. ஆனால், உடல் தளர்ந்த காலத்தில் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றால், ஒருவர் தமிழ்நாட்டு நல வாரியத்தையும் மற்றவர் புதுச்சேரிக் கலை பண்பாட்டுத் துறையையும் நாட வேண்டும். காரைக்காலிலிருந்து புதுச்சேரி சுமார் 130 கிலோமீட்டர். ஒரு சான்றிதழுக்காக அங்கே போய்த் திரும்பும் நாளில் அந்தக் கலைஞர் ஒரு கச்சேரியை இழக்கிறார் என்பதை மனுவைப் பெறும் இடத்தில் இருப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தவில் வாசிப்பவரின் வலக்கையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். விரல்களில் துணி சுற்றிப் பசை தடவிக் காயவைத்த கூடுகளை மாட்டிக்கொண்டு வலந்தலை எனப்படும் வலப்பக்கத் தோலில் வாசிப்பார்கள்; இடக்கையில் குச்சி பிடித்துத் தொப்பி எனப்படும் இடப்பக்கத் தோலில் அடிப்பார்கள். சுவாமி புறப்பாட்டுக்கென்றே வாசிக்கும் மல்லாரி இசையைத் தொடங்கி வீதி முழுதும் சுற்றி வருவதற்குள் தோள்பட்டையில் வார் அழுந்திய தடம் சிவந்துவிடும். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அதற்கு நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். அந்தக் கருவியை வாழ்நாள் முழுதும் ஊதியவருக்கும் அதே அக்கறை கிடைத்திருக்க வேண்டும்.

ஆனிப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் நடக்கும் மாங்கனித் திருவிழாவைப் பாருங்கள். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனிகளை வாரி இறைக்க, கீழே பெண்கள் முந்தானை விரித்து ஏந்தி நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டத்தார் எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நாகூர்க் கந்தூரிக்குக் காரைக்காலிலிருந்து போகிறவர்களும் அப்படித்தான். பெண் கொடுத்தல், எடுத்தல், நேர்த்திக்கடன் எல்லாம் எல்லையைக் கடந்தே நடந்து வருகின்றன. ஆயினும் அண்மையில் எங்கள் பக்கத்து விழா மேடை ஒன்றில், மெல்லிசைக் குழுவுக்கு இரவு முழுவதையும் ஒதுக்கிவிட்டு, தலைமுறை தலைமுறையாக அக்கோயிலில் வாசிக்கும் செட்டுக்கு அரசியல் பிரமுகர்கள் வரும் வரை நேரத்தை நிரப்பும் வேலையைத் தந்தார்கள். தலைவர் வந்ததும் ராக ஆலாபனை பாதியில் நிறுத்தப்பட்டது. எனக்கு அது மிகுந்த வேதனையைத் தந்தது. எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை. இரு பக்கத்திலும் இந்தப் பழக்கம் வேரூன்றிவிட்டது.

இரண்டு அரசுகள் சேர்ந்து பேசுவது எளிதா என்று சிலர் கேட்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அளித்த தீர்ப்பில் காவிரி நீரில் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. உண்டு, அந்த நீர் தமிழ்நாட்டு ஆறுகளின் வழியாகத்தான் காரைக்கால் வயலுக்கு வந்து சேர்கிறது. தண்ணீருக்கு ஏற்கெனவே ஒரே மேசையில் உட்காரும் அரசுகள், அந்த ஆற்றங்கரை நாணலில் சீவாளி (நாகஸ்வரத்தின் வாய்ப்பகுதி) செய்து ஊதும் மனிதர்களுக்காகவும் உட்கார முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பக்கத்துக் கலைஞர் அடையாள அட்டையை மறு பக்க அரசு விழாக்களும் ஏற்க வேண்டும். கலை பண்பாட்டுத் துறையின் விண்ணப்பங்களை முழுமையாகக் காரைக்காலிலேயே பெற்று முடித்துத் தர வேண்டும். அரசுப் பணத்தில் நடக்கும் விழாக்களில் உள்ளூர் மேளத்துக்கு முழு நேரக் கச்சேரி ஒதுக்க வேண்டும். யார் மேடைக்கு வந்தாலும் அதை இடையில் நிறுத்தக் கூடாது. இவற்றை மனுவாக எழுதி, காரைக்காலின் ஐந்து சட்டமன்ற உறுப்பினர்களிடமும் அண்டைத் தொகுதி உறுப்பினர்களிடமும் அடுத்த ஆனிக்கு முன்பே கொடுக்க இருக்கிறோம். கையெழுத்திட விரும்பும் கலைஞர்கள், எந்தப் பக்கத்தவரானாலும், தங்கள் ஊர்ப் பெயரையும் வாசிக்கும் கருவியையும் குறிப்பிட்டு எனக்குத் தெரிவியுங்கள்.