அட்டவணை போட்டால் போதும் என்கிறவர்களுக்கு

வீட்டில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருத்தி, "ஒரு வேலையையும் முழுசாக முடிக்க முடியவில்லை" என்று வாய்விட்டுச் சொன்னால் போதும், உடனே ஒரு பதில் வந்து விழும்: "காலையிலேயே நேரம் குறித்து ஒரு அட்டவணை போட்டுக்கொள், எல்லாம் சரியாகிவிடும்." அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அவளுக்குத் திட்டமிடத் தெரியவில்லை என்ற எண்ணம் அந்த அறிவுரைக்கு அடியில் இருக்கிறது. அதை என்னால் ஏற்கவே முடியவில்லை. கண் விழித்ததிலிருந்து கண் மூடும் வரை திட்டமிடுவதைத் தவிர அவள் வேறென்ன செய்கிறாள்? அந்தத் திட்டம் மொத்தமும் ஒருத்தியின் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. அவளுடைய நேரமோ வீட்டில் உள்ள எல்லாருக்கும் பொதுவாக இருக்கிறது. நாள் கையை மீறிப் போவதற்கு நான் காணும் காரணங்கள் இவை இரண்டும்தான்.

முதலில் நேரத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல். படிக்கிறவர்களுக்கு அது ஒரு வரம்பு, அவ்வளவுதான். என் சின்னவனுக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. இடையில் கிடக்கும் அந்த மூன்று மணி நேரம் எனக்கு ஒரு முழுப் பிற்பகல். அவன் இரண்டு பகல் தூக்கத்திலிருந்து ஒன்றுக்கு மாறிய வாரங்கள் இன்னும் நன்றாக நினைவிருக்கின்றன. ஒரு நாள் காலையிலேயே தூங்கிவிடுவான், மறுநாள் உச்சிப்பொழுது வரை ஓடிக்கொண்டிருப்பான், அதற்கு மறுநாள் தோளில் சாய்ந்து கால் மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு எழுந்துவிடுவான். இதில் எந்தக் கட்டத்தில் எந்த வேலையை எழுதுவது?

குழந்தை தூங்கினாலும் அந்த நேரம் எனக்கே எனக்கு என்று ஆகிவிடுவதில்லை. "நீதான் வீட்டில் இருக்கிறாயே, பார்சல் வந்தால் வாங்கி வைத்துவிடு." "குழாய் பார்க்க ஆள் வருவார், கதவைத் திறந்து விடு." "அந்த விண்ணப்பத்தைக் கொஞ்சம் பார்த்து வையேன்." தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சின்ன வேலைகள். சொல்கிற ஒவ்வொருவரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். எல்லாம் வந்து சேர்வதோ ஒரே பிற்பகலில். வேலைக்குப் போகிறவரிடம் எதையாவது கேட்கும் முன் "இப்போது பேசலாமா?" என்று விசாரிக்கிறோம். வீட்டில் இருப்பவளிடம் அப்படி விசாரிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இப்போது நான் வேலைகளைக் கடிகாரத்தை வைத்துப் பிரிப்பதில்லை. நடுவில் எழுந்து போனால் தாங்கும் வேலை, தாங்காத வேலை என்று பிரிக்கிறேன். துணி மடிப்பது தாங்கும். பாதியில் விட்டுவிட்டு ஓடினாலும் மடித்த துணி மடித்தபடியே இருக்கும். காப்பீட்டுப் படிவம் தாங்காது. மூன்றாம் பக்கத்தில் விட்டால் மறுபடி முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். கணக்கு பார்ப்பது, முக்கியமான ஒருவரிடம் தொலைபேசியில் பேசுவது, பெரியவளின் பாடத்தில் புரியாததை உட்கார்ந்து விளக்குவது எல்லாமே தாங்காத வகைதான். இந்த வேலைகளைக் குழந்தையின் தூக்கத்தை நம்பி வைக்கவே கூடாது என்பது என் கட்சி. இன்னொரு பெரியவர் வீட்டில் இருந்து, குழந்தையை அவர் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குத்தான் அவற்றை ஒதுக்க வேண்டும். அப்படிப்பட்ட நேரம் வாரத்தில் ஒன்றுகூட இல்லை என்றால், அதை எந்த அட்டவணையாலும் உண்டாக்க முடியாது. வீட்டில் பேசித்தான் உண்டாக்க வேண்டும். பேசாமல் விட்டால் அந்த வேலைகள் எல்லாரும் தூங்கிய பிறகு, அவளுடைய தூக்கத்தை எடுத்துக்கொண்டு நடக்கும். பல வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது.

அடுத்தது, தலைக்குள் இருக்கும் திட்டம். அமெரிக்கச் சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 35 தம்பதிகளிடம் நேர்காணல் செய்து 2019இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். வீட்டு வேலைக்குப் பின்னால் இருக்கும் மன உழைப்பை அவர் நான்காகப் பிரிக்கிறார்: தேவையை முன்கூட்டியே உணர்வது, அதற்கு என்னென்ன வழிகள் உண்டு என்று தேடுவது, முடிவெடுப்பது, எடுத்த முடிவு சரியாக நடக்கிறதா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கும் கட்டத்தில் பெரும்பாலும் இருவரும் சேர்ந்துகொள்கிறார்கள். முன்கூட்டி உணர்வதும் பின்னால் கண்காணிப்பதும்தான் அதிக அளவில் பெண்களிடம் போய்ச் சேர்கின்றன. அதைப் படித்தபோது, இத்தனை நாளும் என்னால் எடுத்துச் சொல்ல முடியாமல் இருந்த ஒன்றை யாரோ வரிசையாக எழுதி வைத்ததுபோல் இருந்தது.

பெரியவளின் பள்ளி ஷூவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாலை அவள் கால் கழுவும்போது சுண்டுவிரல் ஓரம் சிவந்திருந்ததைப் பார்த்தேன். ஷூ கடிக்கிறது. அடுத்த வாரம் விளையாட்டு விழா, அதற்குள் புதிது வாங்கியாக வேண்டும். பள்ளி சொல்லும் நிறமாக இருக்க வேண்டும், சற்றே பெரிய அளவாகவும் இருக்க வேண்டும், ஓடும்போது கழன்றுவிடவும் கூடாது. எங்கே கிடைக்கும் என்று இரண்டு பேரிடம் கேட்டு வைத்தேன். இரவு கணவரிடம் சொன்னேன், இருவரும் பேசி முடிவு செய்தோம், சனிக்கிழமை அவர் கூட்டிப் போய் வாங்கி வந்தார். அடுத்த நாள்களில் குதிகால் உரசுகிறதா என்று தினமும் பார்த்தது நான். "அப்பா ஷூ வாங்கிக் கொடுத்தார்" என்று மகள் சந்தோஷமாகச் சொன்னாள். அது உண்மை, அவர் மனமுவந்து செய்தார். ஆனால் கடைக்குப் போய்வந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் எல்லார் கண்ணிலும் படுகிறது. அதற்கு முன்னும் பின்னும் ஓடிய ஒரு வார யோசனை வீட்டின் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

வீட்டுக் கணக்கில் மட்டுமல்ல, நாட்டுக் கணக்கிலும் வராது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒருவரை வைத்தால் அது பொருளாதார நடவடிக்கை. அதே வேலையைத் தாய் செய்தால் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அதற்கு இடமில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஊதியமில்லாப் பராமரிப்பு வேலையின் மொத்த நேரத்தில் 76.2 சதவீதத்தைப் பெண்களே செய்கிறார்கள்.

"அவர் வெளியில் சம்பாதிக்கிறார், வீடு உன் பங்கு, இதில் என்ன குறை?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நானும் யோசித்துத்தான் வேலையை விட்டேன், பிள்ளைகளோடு இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பங்கு என்றால் அதற்கு ஓர் எல்லை இருக்க வேண்டும். வெளிவேலையில் கிளம்பும் நேரம் என்று ஒன்று இருக்கிறது, உடம்பு சரியில்லை என்றால் விடுப்பு இருக்கிறது. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு என்ன ஏற்பாடு? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான வீடுகளில் பதிலே கிடையாது. காய்ச்சலோடு எழுந்து நடமாடுவதுதான் ஏற்பாடு.

எல்லா வீட்டிலும் அந்த ஒரு நாளுக்கான தாள் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சின்னவன் எந்தப் போர்வையோடு தூங்குவான், எந்த மருந்து அவனுக்கு ஒத்துக்கொள்ளாது, மருத்துவரின் எண், பெரியவளை யார் யார் அழைத்து வரலாம், சீருடை எந்த அலமாரியில் இருக்கிறது. எங்கள் வீட்டுத் தாளை எழுதத் தொடங்கியபோது பின்பக்கமும் நிறைந்துவிட்டது. அதைப் படித்த என் கணவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இதில் எதை நான் முழுசாக எடுத்துக்கொள்ளட்டும்?" என்று கேட்டார்.

அந்த "முழுசாக"தான் எனக்கு வேண்டியது. சொன்னால் செய்கிறேன் என்பது நல்ல மனசுதான், ஆனால் சொல்ல வேண்டியதை நினைவில் வைத்திருக்கும் சுமை அப்படியே என்னிடமே நிற்கும். அதனால் தடுப்பூசி, மருத்துவர் சந்திப்பு இரண்டையும் நினைவில் வைப்பது உட்பட அவரிடம் விட்டேன். அட்டை அவர் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அடுத்த ஊசி எப்போது என்று என் மாமியார் கேட்டால், "அவரிடம் கேளுங்கள் அத்தை" என்று சொல்லிவிடுகிறேன். அவர் செய்யும் விதம் வேறு. நான் ஒரு வாரம் முன்பே நேரம் வாங்கி வைப்பேன், அவர் முதல் நாள் இரவுதான் வாங்குவார். அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பது சுலபம் இல்லை. ஆனால் குறுக்கே புகுந்து திருத்தினால் அந்த வேலை மறுபடி என்னிடம் வந்துவிடும் என்பதால் வாயைத் திறப்பதில்லை. ஊசி தவறவில்லை. இரவில் படுக்கும்போது நான் புரட்டிப் பார்க்கும் விஷயங்களில் ஒன்று நிஜமாகவே இல்லாமல் போயிருக்கிறது. அந்த நிம்மதியை எந்த நாட்குறிப்பும் எனக்குத் தந்ததில்லை.

இப்போது ஞாயிறு இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, வரும் வாரத்தைப் பற்றி இருவரும் உட்கார்ந்து பேசுகிறோம். எது யாருடையது என்பதோடு, இன்னொருவர் வீட்டில் இருக்கும் அந்த இடையூறில்லாத நேரம் எந்தக் கிழமை என்பதையும் அப்போதே குறித்துவிடுகிறோம். அடுத்ததாகப் பெரியவளின் பள்ளி அறிவிப்புகளும் அவர் பங்குக்குப் போகின்றன. இனி அவை அவருடைய தொலைபேசிக்கு வரும்படி எண்ணை மாற்றச் சொல்லிப் பள்ளியில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.