சின்னம் இல்லாத ஓட்டு

(ஒமாஹா, நெப்ராஸ்கா. 2024 அக்டோபர், ஒரு சனிக்கிழமை காலை. மகள் வீட்டுக்கு வந்திருக்கும் மாமா, பாபநாசம் பக்கத்தில் வி.ஏ.ஓ.வாக இருந்து ஓய்வு பெற்றவர். தபால்பெட்டியில் வந்த வழவழப்பான அட்டையைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படிக்கிறார். மாப்பிள்ளை தோசை வார்க்கிறார்.)

மாமா: மாப்ளே, யாரோ செனட்டர் மறுபடி நிக்கிறாராம். வாஷிங்டன்ல இருக்கவரா?

மாப்பிள்ளை: அது வேற மாமா. அங்க மாநிலத்துக்கு ரெண்டு பேர். இவர் மாநில செனட்டர். சட்டசபை லிங்கன்ல, இங்கேருந்து கார்ல ஒரு மணி நேரம்.

மாமா: அப்ப மேலவை.

மாப்பிள்ளை: மேலும் இல்ல, கீழும் இல்ல. இருக்கறதே ஒரு சபைதான். ஐம்பது மாநிலத்துல இது ஒண்ணுதான் இப்படி. 1934-ல ஜனங்க ஓட்டுப் போட்டு ரெண்டை ஒண்ணாக்கினாங்க, 1937-லேருந்து நடக்குது. இப்ப 49 பேர். எல்லாருக்கும் செனட்டர்னுதான் பேரு.

மாமா: நாமளும் 1986-ல மேலவையைக் கலைச்சோம். ஆனா எம்.எல்.ஏ. எம்.எல்.ஏ.வாவே நின்னுட்டார். இவங்க கீழ்சபையைக் கலைச்சுட்டுப் பட்டத்தை மட்டும் மாடியில வச்சுக்கிட்டாங்க. சரி, ஒரு தொகுதிக்கு எத்தனை லட்சம் ஜனம்?

மாப்பிள்ளை: லட்சமா? சுமார் 40,000 பேர்.

மாமா: நகராட்சித் தேர்தல்னு சொல்லுங்க! டெபாசிட் எவ்ளோ?

மாப்பிள்ளை: டெபாசிட் இல்ல, கட்டணம். வருஷச் சம்பளத்துல ஒரு சதவீதம். 120 டாலர்.

மாமா: (விரல் விட்டு எண்ணி) அப்ப சம்பளம்... வருஷத்துக்கு 12,000 தானா? மாசம் ஆயிரமா? நீங்க கார் இன்சூரன்ஸுக்கும் மளிகைக்குமே அதுக்கு மேல கொடுக்கறீங்களே!

மாப்பிள்ளை: 1988-ல வச்ச சம்பளம் மாமா. 2012-ல 22,500 ஆக்கலாமான்னு ஜனங்களையே கேட்டாங்க. முடியாதுன்னுட்டாங்க.

மாமா: ஆறுல ஒரு பங்கு ஓட்டு வாங்கினா 120 திரும்புமா?

மாப்பிள்ளை: ஜெயிச்சாலும் திரும்பாது.

மாமா: அநியாயம். எங்க சின்னம்? அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாக்கறேன், கட்சிப் பேரையே காணோம். அச்சுப் பிழையா?

மாப்பிள்ளை: பிழை இல்ல. ஓட்டுச் சீட்டுலயே கட்சி கிடையாது. மே மாசம் முதல் சுற்று. எத்தனை பேர் நின்னாலும் அதிக ஓட்டு வாங்கின ரெண்டு பேர் நவம்பருக்கு வருவாங்க. ரெண்டு பேரும் ஒரே கட்சியா இருந்தாலும் வருவாங்க. கட்சி இல்லாம இல்ல மாமா, திரைக்குப் பின்னாடி இருக்கும். சீட்டுல வராது, அவ்ளோதான்.

மாமா: இப்பத்தான் புரியுது. சின்னம் கொடுக்காததால ஆளையே சின்னமாக்கிட்டாங்க. இதப் பாருங்க, முதல் பாதி பூரா ஜாதகம். "நான்காம் தலைமுறை நெப்ராஸ்காக்காரர். கணவர். மூன்று பிள்ளைகளின் தந்தை. சிறு தொழில் நடத்துபவர். லிட்டில் லீக் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்." பொண்ணு பாக்க அனுப்பற பயோடேட்டால நட்சத்திரம் மட்டும்தான் பாக்கி.

மாப்பிள்ளை: படத்தைப் பாருங்க.

மாமா: சோளக்காட்டு வேலியில சாஞ்சுக்கிட்டு நிக்கறார். இவர் விவசாயியா?

மாப்பிள்ளை: இவர் தொகுதியில காடே கிடையாது மாமா. மொத்தமும் இந்தக் குடியிருப்புதான்.

மாமா: அப்ப சோளம் நட்சத்திரப் பேச்சாளர். (படிக்கிறார்) இனி ரெண்டாம் பாதி. "என் முன்னுரிமைகள்": சொத்து வரி, பள்ளிக்கூடம், வேலைக்கு ஆள் பற்றாக்குறை, வீட்டு விலை, சாலை, மனநலம், பாதுகாப்பு. ஏழு.

மாப்பிள்ளை: அங்கதான் வேடிக்கை. இந்தச் சபையில 'பிரயாரிட்டி பில்'னு நிஜமாவே ஒரு விதி இருக்கு. ஒரு கூட்டத்தொடருக்கு ஒரு செனட்டர் ஒரே ஒரு மசோதாவைத்தான் அப்படிக் குறிக்கலாம். கமிட்டிக்கு ரெண்டு, சபாநாயகருக்கு 25. குறிச்ச மசோதாவை முன்னாடி எடுப்பாங்க. மத்தது வரிசையில நின்னு நாள் முடிஞ்சு போயிடும்.

மாமா: வருஷத்துக்கு எத்தனை நாள் உக்காருவாங்க?

மாப்பிள்ளை: ஒற்றைப்படை வருஷம் 90 நாள், இரட்டைப்படை வருஷம் 60. இந்த ரெண்டு வருஷத்துக்குள்ள தேறாத மசோதா செத்துடும். அடுத்த வருஷம் புது நம்பர் போட்டு முதல்லேருந்து ஆரம்பிக்கணும்.

மாமா: அப்ப நாலு வருஷப் பதவியில குறிச்சது நாலு. அட்டையில ஏழு. (பேனாவை எடுக்கிறார்) அந்த நாலு எதுன்னு எப்படித் தெரியும்?

மாப்பிள்ளை: சட்டசபை இணையதளத்துல அவர் பேரைப் போட்டா மசோதா எல்லாம் எல்.பி. நம்பரோட வரும், எல்.பி.ன்னா லெஜிஸ்லேட்டிவ் பில். எது பிரயாரிட்டி, எந்தத் தேதி விசாரணை, யார் எப்படி ஓட்டுப் போட்டாங்க, எல்லாமே இருக்கும். இங்க ஒவ்வொரு மசோதாவுக்கும் பொது விசாரணை கட்டாயம், நீங்களும் போய்ப் பேசலாம். அப்புறம் கமிட்டி. பெரும்பாலும் 8 பேர். 5 பேர் சரின்னா வெளிய வரும், நாலுக்கு நாலுன்னா அங்கேயே படுத்துக்கும். வெளிய வந்தா சபையில மூணு சுற்று. கடைசிச் சுற்றுல 25 ஓட்டு இருந்தாப் போதும்.

மாமா: 49-ல 25. சுலபம்தான்.

மாப்பிள்ளை: யாராவது பேசிப் பேசியே இழுத்தடிச்சா, வாயை மூடச் சொல்ல 33 பேர் வேணும். அங்கதான் நிறைய மசோதா மூச்சை விடும். 32 ஓட்டு வாங்கியும் தோத்த கதை உண்டு.

மாமா: அப்ப இந்த அட்டையோட பாஷைக்கு அகராதி போடணும். "அறிமுகம் செய்தார்"?

மாப்பிள்ளை: கமிட்டியிலேயே படுத்துடுச்சு.

மாமா: "இணைந்து கொண்டுவந்தார்"?

மாப்பிள்ளை: கையெழுத்து மட்டும்.

மாமா: "இறுதிவரை போராடினார்"?

மாப்பிள்ளை: தோத்துட்டார்.

மாமா: "சொத்து வரியைக் குறைப்பேன்"?

மாப்பிள்ளை: மாநிலம் சொத்து வரியே வாங்கறதில்ல மாமா! 1966-லயே அரசியல் சட்டத்துல எடுத்தாச்சு. வாங்கறது பள்ளி மாவட்டமும், நம்ம ஜில்லா மாதிரி இருக்கற கவுன்ட்டியும், நகரமும். பெரிய பங்கு பள்ளிக்கு.

மாமா: தன் வீட்டு மாட்டை விட்டுட்டுப் பக்கத்து வீட்டு மாட்டைக் கறக்காதேன்னு சொல்றார். அப்ப என்னதான் பண்ண முடியும்?

மாப்பிள்ளை: மாநிலக் கஜானாவுலேருந்து தள்ளுபடி கொடுக்கலாம், இல்ல நகரமும் கவுன்ட்டியும் இதுக்கு மேல வசூலிக்கக் கூடாதுன்னு உச்சவரம்பு வைக்கலாம். இந்த ஜூலை கடைசியில கவர்னர் இதுக்காகவே சிறப்புக் கூட்டம் கூட்டினார். விற்பனை வரி விலக்கையெல்லாம் எடுத்துட்டு அந்தப் பணத்துல சொத்து வரியைக் குறைக்கப் பாத்தார், ஓட்டு சேரல. ஆகஸ்ட்ல கடைசியா நிறைவேறினது எல்.பி. 34. முன்னெல்லாம் பள்ளி வரிக்கான தள்ளுபடியை வருமான வரிப் படிவத்துல கேட்டு வாங்கணும். நிறைய பேர் கேக்காமலே விட்டுட்டாங்க. இனி சொத்து வரி பில்லுலயே கழிச்சு வரும்.

மாமா: அப்ப அவர்கிட்ட "குறைப்பீங்களா"ன்னு கேக்கக் கூடாது. "எந்த விலக்கை எடுப்பீங்க"ன்னு கேக்கணும். (எழுதிக்கொள்கிறார்) சரி, இவர் எத்தனை தடவை நிக்கலாம்?

மாப்பிள்ளை: தொடர்ந்து ரெண்டு தடவைதான். நாலு வருஷம் வெளிய இருந்துட்டுத் திரும்பலாம். எர்னி சேம்பர்ஸ்னு ஒருத்தர், வடக்கு ஒமாஹா, முடி வெட்டற தொழில். 1971-லேருந்து 2009 வரைக்கும் 38 வருஷம். அந்த விதி வந்து வெளிய அனுப்பிச்சு. நாலு வருஷம் கழிச்சு 2013-ல அதே நாற்காலிக்கு வந்து இன்னும் எட்டு வருஷம் உக்காந்தார். சபைக்கு டி-ஷர்ட்தான்.

மாமா: அவர் முன்னுரிமை?

மாப்பிள்ளை: மரண தண்டனையை ஒழிக்கணும். வருஷா வருஷம் கொண்டுவந்து, 2015-ல கவர்னரோட வீட்டோவையும் தாண்டி 30 ஓட்டுல ஜெயிச்சார். 2016-ல ஜனங்க ஓட்டுப் போட்டு அதைத் திருப்பிக் கொண்டுவந்துட்டாங்க. அதே நாள், அதே சீட்டுல அவர் தொகுதிக்காரங்க அவரையும் திருப்பிக் கொண்டுவந்தாங்க.

மாமா: ஆள் வேணும், கொள்கை வேணாம். நம்ம ஊர்ல தலைகீழ்.

மாப்பிள்ளை: 2007-ல கடவுள் மேலயே வழக்குப் போட்டார் மாமா. யார் வேணும்னாலும் யார் மேலயும் வழக்குப் போடலாம்னு காட்டறதுக்காக. நீதிபதி தள்ளுபடி பண்ணிட்டார். பிரதிவாதிக்கு விலாசம் இல்ல, சம்மன் எப்படிக் கொடுக்கறதுன்னு.

மாமா: என்னைக் கேட்டிருக்கலாம். எங்க தாலுகாவுல கடவுள் பேர்ல பட்டாவே இருக்கு, சர்வே நம்பரோட.

(வாசலில் சத்தம். மாமா ஜன்னல் திரையை விலக்குகிறார்.)

மாமா: யாரோ நோட்டு அட்டையோட வராங்க. செனட்டரா?

மாப்பிள்ளை: பக்கத்து வீட்டுக்கு பீட்சா. இன்னிக்கு நெப்ராஸ்கா யூனிவர்சிட்டி டீம் ஹஸ்கர்ஸோட ஃபுட்பால் மேட்ச். மேட்ச் நேரத்துல கதவைத் தட்டினா இருக்கற ஓட்டும் போயிடும். நாளைக்கு வருவார். வாசல்ல விளம்பரத் தட்டி நடலாமான்னு கேப்பார்.

மாமா: வாடகை?

மாப்பிள்ளை: சும்மாதான். புல்தரையில கம்பியைச் செருகணும். நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கற பட்டையில வைக்கக் கூடாது, அது நகரத்தோட இடம், பிடுங்கிட்டுப் போயிடுவாங்க.

மாமா: எதிர்த்து நிக்கறவரும் வருவாரா?

மாப்பிள்ளை: வருவார்.

மாமா: ரெண்டு பேர் தட்டியிலயும் கட்சி இல்லையே? அப்ப ரெண்டையும் நடுங்க. இவருக்கு வலது பக்கம், அவருக்கு இடது பக்கம். நடுவுல நம்ம வீட்டு நம்பர் மறையாமப் பாத்துக்கோங்க. மாப்ளே, தோசை கருகுது.