பையன்கள் குடிக்கும் கலரைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்

கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டினால் போதும், எங்கள் ராமநாதபுரம் பக்கம் கேள்வியெல்லாம் பெண்ணைப் பார்த்துத்தான் வரும். "விசேஷம் ஏதும் உண்டா?" ராமேஸ்வரத்தில் நாகப் பிரதிஷ்டை, ஏர்வாடியில் நேர்ச்சை, மதுரையில் ஸ்கேன் என்று அலைவதும் அவள்தான். மாப்பிள்ளைக்கு விந்துப் பரிசோதனை என்ற பேச்சு எல்லாம் முடிந்த பிறகு, அதுவும் தயங்கித் தயங்கித்தான் வருகிறது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது என்று மருத்துவர்கள் சொல்லிப் பல காலமாயிற்று.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கும் முன்னால் நடப்பது. அந்த மாப்பிள்ளை பதிமூன்று, பதினாலு வயதுப் பையனாக இருந்தபோது நடந்தது.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் மண்டபம், தங்கச்சிமடம் மாதிரி எங்கள் ஊர்களில் ஒரு பெட்டிக்கடை முன்னால் நின்று பாருங்கள். வேர்த்து வழிய வரும் பையன், பத்து ரூபாயை நீட்டி ஒரு கலர் பாட்டில் வாங்கி, மூடியைத் திருகி, அண்ணாந்து ஒரே மூச்சில் முடித்துவிடுகிறான். 200 மில்லி பாட்டில் என்றால் அதில் சுமார் 20 கிராம் சீனி. காலையில் சீனி தூக்கலான டீ, இடைவேளையில் கிரீம் பிஸ்கட் எல்லாம் தனிக் கணக்கு. சேர்க்கும் சீனி ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது 2015இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல்.

"வளர்ற பையன், குடிக்கட்டும்" என்பார்கள். வளர்கிற பையன் என்பதால்தான் எனக்குப் பயம். விரைகளுக்குள் செர்டோலி செல்கள் என்று உண்டு. விந்தணுக்களுக்குச் சோறூட்டி வளர்ப்பவை அவைதான். பருவ வயதோடு அவற்றின் பெருக்கம் பெரும்பாலும் நின்றுவிடும். ஒரு செல் இத்தனை விந்தணுக்களைத்தான் வளர்க்க முடியும் என்று ஒரு வரம்பு இருப்பதால், பின்னாளில் ஓர் ஆணின் விந்தணு உற்பத்தி எவ்வளவு என்பது பெருமளவு அந்த வயதுக்குள்ளேயே முடிவாகிவிடுகிறது. வளரும் பருவத்தில் சீனி அதிகமாகக் கொடுத்து வளர்த்த ஆண் எலிகளுக்கு, பெரிதான பிறகும் விந்தணு உற்பத்தி குறைந்திருந்ததை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

எலிக்கு நடந்தது அப்படியே மனிதனுக்கும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. மனிதர்களிடம் பார்த்ததையும் சொல்கிறேன். டென்மார்க்கில் ராணுவத் தகுதிப் பரிசோதனைக்கு வந்த 2,500க்கும் மேற்பட்ட இளைஞர்களைச் சோதித்து 2010இல் ஓர் ஆய்வு வந்தது. தினமும் ஒரு லிட்டருக்கு மேல் கோலா குடித்தவர்களுக்கு ஒரு மில்லி விந்தில் சராசரியாக 3.5 கோடி அணுக்கள். கோலாவே குடிக்காதவர்களுக்கு 5 கோடி. கோலா மட்டுமே காரணமா, அப்படிக் குடிப்பவர்களின் மற்ற பழக்கங்களா என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் 189 இளைஞர்களிடம் செய்த ஆய்வு என்னை இன்னும் யோசிக்க வைத்தது. சீனி பானம் அதிகம் குடித்தவர்களிடம் முன்னோக்கி நீந்தும் விந்தணுக்களின் பங்கு குறைந்திருந்தது, அதுவும் ஒல்லியான பையன்களிடம். "ஒல்லியாத்தானே இருக்கான், அவனுக்கென்ன" என்று சொல்லும் நம் வீடுகளுக்கு இது தெரிய வேண்டும். குண்டான பையன்களுக்கு வேறொரு கஷ்டம். உடம்பில் ஏறும் கொழுப்பு, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும்.

பையன்களைத் திட்டிப் பயனில்லை. எங்கள் கரையில் எத்தனையோ ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. நல்ல தண்ணீரைக் குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்குகிறோம். வீட்டிலிருந்து கொண்டுபோன பாட்டில் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். அப்புறம் தாகத்துக்குப் பையன் எங்கே போவான்? கடையில் கலர் ஜில்லென்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நுங்கும் பனங்கிழங்கும் விளையும் மண் இது. ஆனால் அவை வருஷம் முழுக்கக் கிடைக்காது, பள்ளிக்கூட வாசலுக்கும் வராது. (கலருக்குப் பதில் கருப்பட்டிக் காப்பியை இஷ்டத்துக்குக் குடிக்கலாம் என்றும் நினைத்துவிடாதீர்கள். கருப்பட்டியும் சீனிதான்.)

வளர்ந்த பிறகு பழக்கத்தை மாற்றினாலும் பலன் உண்டு. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாட்கள் ஆகும். சாப்பாட்டைத் திருத்தினால் சில மாதங்களில் விந்தணுக்களின் தரம் தேற வாய்ப்பிருக்கிறது. பருவ வயதில் குறைந்துபோன செர்டோலி செல்களை மட்டும் அப்படித் திரும்பப் பெற முடியாது.

அதனால் பள்ளிகளில் பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மார்க் பற்றிப் பேசிவிட்டு அப்படியே எழுந்து வந்துவிடாதீர்கள். சாயங்காலம் வரைக்கும் தீராமல் குடிக்க நல்ல தண்ணீர் இருக்கிறதா, குழாய் வேலை செய்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இல்லையென்றால் அங்கேயே கேளுங்கள். தொண்டி முதல் சாயல்குடி வரை உங்கள் ஊர்ப் பள்ளியில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மனுவாகக் கொடுக்கலாம்.