அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கினாரா?

புத்தகக் காட்சியில் ஒரு கவிதைத் தொகுப்பு வாங்கினேன். 80 பக்கம், 10 சதவீதக் கழிவு. முதல் தொகுப்புதான், ஆனால் கை தேர்ந்த கவிஞர். 41-ஆம் பக்கத்தில், கடைசி பஸ்ஸில் அப்பா வருவாரென்று காத்திருக்கும் கவிதை. தெருமுனையில் வெளிச்சம், ஹாரன், பஸ் நிற்கிறது. பக்கமும் முடிகிறது. நெகிழ்ந்துபோய் மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் தாளைத் திருப்பினேன். பக்கம் முழுக்க வெறுமை; உச்சியில் மட்டும் ஒற்றைச் சொல்: 'இறங்கவில்லை'.

கவிஞரிடம் கேட்டால், "நான் அனுப்புன வேர்டு ஃபைல் அப்படியே அச்சுக்குப் போயிடுச்சுண்ணே" என்கிறார். இதற்குப் பதிப்பகத்துக்குப் பணமும் கட்டியிருக்கிறார்.

கைக்காசு போட்டதை நான் குறை சொல்லவில்லை. எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959-இல் 'எழுத்து' சிற்றிதழைத் தொடங்கியதும் அப்படித்தான். புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் அவர். ஆனால் எதைப் போடுவது, எதைத் தள்ளுவது என்பதில் பிடிவாதக்காரர். 1974-இல் தொடங்கிய க்ரியா பதிப்பகத்துக்குப் பெயர் வாங்கித் தந்ததும் அதன் நிறுவனர் ராமகிருஷ்ணனின் எடிட்டிங்தான். ஒரு காற்புள்ளிக்காக எழுத்தாளரோடு மல்லுக்கட்ட ஓர் ஆள் இருந்தார்.

இப்போது 50 பிரதிகூட அடிக்கலாம். தேவைப்படும்போது மட்டும் அச்சடிக்கும் இந்த 'பிரிண்ட் ஆன் டிமாண்ட்' நல்ல விஷயம். கிடங்கில் கரையானுக்குத் தீனி போட வேண்டாம். ஆனால் செலவைக் குறைக்கிறேன் என்று முதலில் வீட்டுக்கு அனுப்பியது எடிட்டரை. நாவலில் நாலு பிழை வந்தால் கதை தாங்கிக்கொள்ளும். பன்னிரண்டு வரிக் கவிதை எப்படித் தாங்கும்?

சிறுபதிப்பகம் நடத்தும் நண்பர் சண்டைக்கு வந்தார். "நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குற அரசு ஆணை எப்போ வரும்னு தெரியாது, எடிட்டருக்கு நீயா சம்பளம் கொடுப்பே?" புத்தகங்களை மலிவாக அனுப்ப உதவிய பதிவு புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் அஞ்சல் துறை நிறுத்தியபோது அவர் தவித்ததைப் பார்த்தவன் நான். அடுத்த மே மாதம் புத்தகங்களுக்கென்று ஞான் போஸ்ட் என்ற அஞ்சல் சேவை வந்தது, 300 கிராம் வரை 20 ரூபாய். கவிதைத் தொகுப்பு அதற்குள் அடங்கிவிடும் என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல். அவர் கஷ்டம் நியாயம்தான். ஆனாலும் எடிட்டர் இல்லாத இடத்தை ஜெராக்ஸ் கடை என்றுதான் சொல்வேன், கோபித்துக்கொண்டாலும் சரி.

போன வாரம் அந்தத் தொகுப்புக்கு விமர்சனக் கூட்டம். பேசியவர் 41-ஆம் பக்கக் கவிதையை உருகி உருகி வாசித்தார். "அப்பா வந்துவிட்டார்! எவ்வளவு நம்பிக்கை தரும் முடிவு!" என்றார். முன்வரிசையில் கவிஞர் தலையைக் குனிந்துகொண்டார்.