தட்டியில் நெட்டிக் கலைஞர், கடையில் தொழிற்சாலைச் சரக்கு

எங்கள் ஊரில் ‘கிறிஸ்துமஸ் சந்தை’ என்ற பெயரில் மூன்று நாள் நடந்த கூத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. கடைத்தெரு நெடுகிலும் கட்டியிருந்த பிளெக்ஸ் தட்டிகளில், நெட்டி என்னும் நீர்ச்செடித் தக்கையைச் சீவும் ஒரு முதியவரின் கைகளும், மெழுகு உருவைத் திருத்திக்கொண்டிருக்கும் சுவாமிமலை ஸ்தபதி ஒருவரின் முகமும் ஆளுயரத்துக்கு அச்சாகியிருந்தன. ‘காவிரிக்கரைக் கைவினைஞர்களை ஆதரிப்போம்’ என்று அதன் கீழே கொட்டை எழுத்தில் வேறு போட்டிருந்தார்கள். அந்த வாசகத்தை நம்பி கும்பகோணத்திலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தவர்களோடு நானும் 50 ரூபாய் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

வாசலிலேயே எரிச்சல் தொடங்கிவிட்டது. ஐரோப்பிய மரவீட்டின் சாயலில் பிளைவுட்டில் முகப்பு அடித்து, அதன் மேல் பெரிய மின்விசிறி வைத்து, தெர்மாக்கோல் மணிகளைப் பறக்கவிட்டு, அதைப் பனி என்றார்கள். வடகிழக்குப் பருவமழை இன்னும் விட்டபாடில்லை, வயலில் சம்பா கதிர் தள்ளிக்கொண்டிருக்கிறது, இங்கே இவர்களுக்குப் பனி வேண்டியிருக்கிறது! ஜெர்மனியிலிருந்து 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்குகூட இந்த மண்ணின் மொழியைப் படித்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். நாமோ வைக்கோல் குடிலும் மூங்கில் சிம்பில் காகிதம் ஒட்டிய நட்சத்திரமும் நம் தெருவிலேயே இருக்க, ஜெர்மனியின் சந்தையைத் தெர்மாக்கோலில் நகலெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, அலங்காரம் எப்படியோ போகட்டும். முதல் இரண்டு வரிசைக் கடைகளில் விற்றவை என்னவென்று கேட்டால், கைபேசி உறைகள், தலைமுடிக் கிளிப்புகள், பிளாஸ்டிக் நட்சத்திரங்கள், டெல்லி அப்பளம், மோமோ. தட்டியில் படமாக நின்ற ஸ்தபதியைத் தேடிப் பார்த்தேன். சுவாமிமலையிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. அவர்களுடைய இடத்தில் ரெசினில் வார்த்துப் பொன்வண்ணம் அடித்த மாதா சிலைகளை அடுக்கிவைத்து, ‘பஞ்சலோக வேலை, கைவேலை’ என்று கூசாமல் விற்றுக்கொண்டிருந்தார் ஒருவர். மெழுகில் செதுக்கிய உருவின் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காய்ந்தபின் சூடேற்றி மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியபின் அச்சை உடைத்துத்தான் சுவாமிமலையில் சிலையை வெளியே எடுக்கிறார்கள். ஆகவே ஒரு மண் அச்சுக்கு ஒரு சிலைதான், இன்னொன்று வேண்டுமானால் மெழுகிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். மூக்கு முதல் மடிப்பு வரை மயிரிழையும் மாறாத நாற்பது மாதாக்களை ஒரே மேசையில் பார்த்த பிறகும் அந்தப் பொய்யை ஒருவரும் தட்டிக் கேட்கவில்லை. கேட்ட என்னை, “வாங்குறதா இருந்தா வாங்குங்க சார்” என்று அனுப்பிவைத்தார் கடைக்காரர்.

உண்மையான கைவினைஞர்கள் இருந்தது ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், கழிப்பறைக்குப் போகும் வழியில். கோரைப்பாய் நெய்யும் ஒரு அம்மா, நாச்சியார்கோவில் விளக்கோடு ஓர் இளைஞர், நெட்டி வேலை செய்யும் பெரியவர் ஒருவர் என்று மொத்தமே மூன்று கடைகள். நீர்நிலைகளில் வளரும் செடியின் தண்டைக் காயவைத்துத் தோலைச் சீவி, உள்ளிருக்கும் வெண்ணிறத் தக்கையைக் கத்தியால் மெல்லிய ஏடுகளாக அறுத்து ஒட்டிச் செய்வது நெட்டி வேலை. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஈரம் பட்டால் உறிஞ்சிக்கொள்ளும் தன்மை கொண்ட அந்தப் பொருளுக்கு இவர்கள் ஒதுக்கிய இடத்தில் தார்ப்பாய் ஒழுகிக்கொண்டிருந்தது. விரல் நீளத்தில் சூசையப்பரும் மரியாளும் ஆட்டுக்குட்டிகளுமாக அவர் செய்திருந்த குடில்கள் பாலித்தீன் உறைக்குள் மூச்சுமுட்டிக் கிடக்க, “உறையை எடுத்தா நனையுது, எடுக்கலைன்னா யாருக்கும் கண்ணுல படல தம்பி” என்றார் அவர். அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் ஒரு குரல், “தெர்மாக்கோல் கலைஞர் கடை கடைசி வரிசையில் உள்ளது” என்று அறிவித்தது. வாசலில் பறந்த குப்பைக்கும் இந்த மனிதரின் கைக்கும் வேறுபாடு தெரியாதவர்கள்தாம் கைவினைச் சந்தை நடத்துகிறார்கள்!

வாடகைக் கணக்கைக் கேட்டால் வயிறு எரியும். மோமோ கடைக்கும் நெட்டிக் கடைக்கும் ஒரே வாடகை, நாளொன்றுக்கு 2,500 ரூபாய். ஒரு குடிலை 400 ரூபாய்க்குக் கொடுக்கும் பெரியவர் வாடகைக்கு மட்டுமே நாளுக்கு ஆறேழு குடில் விற்றாக வேண்டும். ஒரு குடிலை முடிக்கவோ அவருக்கு ஒரு பகல் முழுதும் போய்விடுகிறது. நம் ஜனங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அச்சடித்த விலையில் ஒரு ரூபாய் குறையாமல் மோமோ வாங்கித் தின்றுவிட்டு வந்த ஒருவர், கோரைப்பாய் அம்மாவிடம், “ஆன்லைன்ல இதுல பாதி விலைக்கு வருதே” என்று கால்மணி நேரம் பேரம் பேசி, கடைசியில் வாங்காமலே போனார்.

ஏற்பாட்டாளர் ஒருவரைப் பிடித்துக் கேட்டேன். “சாப்பாட்டுக் கடைக்காரங்க முன்னாடியே பணம் கட்டிட்டாங்க சார், மிச்சம் இருந்த இடத்தைத்தான் இவங்களுக்குக் கொடுக்க முடிஞ்சுது” என்றார், ஏதோ தானம் செய்தவரைப் போல. மிச்ச இடத்தில் உட்கார வைக்கப்பட்டவரின் கைகளைக் காட்டித்தானே ஊரைக் கூட்டினீர்கள் என்றதற்கு அவரிடம் பதில் இல்லை.

அடுத்த ஆண்டும் நடத்தப்போவதாக இப்போதே சொல்லிக்கொள்கிறார்கள். நடத்துங்கள். கைவினைஞர்களிடம் வாடகை வாங்காதீர்கள், நீங்கள் வசூலிக்கும் நுழைவுக் கட்டணமே அதற்குப் போதும். முதல் வரிசையில் ஒழுகாத தகரக் கொட்டகை போட்டுக் கொடுங்கள். ரெசின் சிலைக்காரரை ரெசின் என்று எழுதிவைத்து விற்கச் சொல்லுங்கள். இதில் ஒன்றுகூட முடியாதென்றால், அந்தப் பெரியவரின் கைகளைத் தட்டியிலிருந்து எடுத்துவிட்டு மோமோ படத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.