கேசரி பவுடரும் 26 யூனிட்டும்

(சென்னை, பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு. லாரித் தண்ணீரை நம்பி வாழும் ரகம். வீட்டுக்கு வீடு மீட்டர் மாட்டி, சங்கமே மாதாமாதம் பில் போடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை. பொருளாளர் ராமானுஜம், வங்கியில் ஓய்வு பெற்றவர், முதல் மாடி வராந்தாவில் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். செல்வம் பில்லை விசிறிக்கொண்டே வருகிறார்.)

செல்வம்: சார், எங்கள் வீட்டில் ரெண்டே பேர். 26 யூனிட் போட்டிருக்கிறீர்களே, நாங்கள் என்ன யானையா வளர்க்கிறோம்?

ராமானுஜம்: பிராணி வளர்க்கச் சங்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் தம்பி. ஒரு யூனிட் ஆயிரம் லிட்டர். லாரி ஒன்று 12,000. ஆக, ரெண்டு லாரியைக் காலி பண்ணிவிட்டு மூன்றாவதிலும் கை வைத்திருக்கிறீர்கள். 2019-ல் ஏரியெல்லாம் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது!

செல்வம்: நான் அரை வாளியில் குளிக்கிறவன் சார்!

ராமானுஜம்: லிஃப்டில் கூட வருகிறவர்கள் சொன்னார்கள்.

செல்வம்: ஷவரைக் கழற்றிப் பரணில் போட்டாயிற்று. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரில்தான் வீடு துடைக்கிறோம். என் மனைவி பாத்திரம் தேய்க்கும்போது பக்கத்திலேயே நின்று குழாயை மூடுகிறேன்.

ராமானுஜம்: அதற்குப் பதில் பாத்திரத்தை நீங்களே தேய்க்கலாமே?

செல்வம்: பேச்சை மாற்றாதீர்கள். மீட்டர் காற்றில் ஓடுகிறது.

ராமானுஜம்: மாடி டேங்க் எப்போதும் நிரம்பியிருக்கிறது, குழாயில் காற்றுக்கு என்ன வேலை? தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசுக் கணக்கு. ரெண்டு பேருக்கு மாதம் எட்டு யூனிட். மீதி 18 எங்கே? எல்லாக் குழாயும் மூடியிருக்கிறதா?

செல்வம்: நான் மூடிய குழாயை இன்னொருவர் திறந்துவிட முடியுமா?

(மீட்டர் பெட்டியைத் திறக்கிறார்கள்.)

ராமானுஜம்: கறுப்பு எண் யூனிட். சிவப்பு எண் லிட்டர். பக்கத்தில் அந்தச் சின்னச் சக்கரம்?

செல்வம்: சுற்றுகிறது சார்!

ராமானுஜம்: பிரதோஷத்துக்குப் பிராகாரம் சுற்றுகிற மாதிரி நிதானமாகச் சுற்றுகிறது. வீட்டில் கேசரி பவுடர் இருக்கிறதா?

செல்வம்: உங்களுக்குச் சர்க்கரை என்று மாமி சொன்னார்களே?

ராமானுஜம்: எனக்கில்லை, ஃப்ளஷ் டேங்குக்கு! ஒரு சிட்டிகை போட்டுவிட்டு, 20 நிமிடம் யாரும் ஃப்ளஷ் பண்ணாதீர்கள். கோப்பையில் நிறம் இறங்கினால் உள்ளே ரப்பர் வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். ராத்திரி பகலாக ஒழுகும், சத்தமே கேட்காது.

(20 நிமிடம். நடுவில் சமையலறையிலிருந்து, "கேசரி பவுடர் டப்பாவை யார் எடுத்தது?" என்றொரு குரல். அதற்குப் பதில் சொல்லாமல் இருக்கிற அளவுக்குச் செல்வத்துக்கு உலக ஞானம் உண்டு.)

செல்வம்: சார், கோப்பையெல்லாம் ஆரஞ்சு!

ராமானுஜம்: 18 யூனிட். யூனிட் 120 வீதம் 2,160 ரூபாய். வாஷர் வாங்கிப் போட்டால் நின்றுவிடும். டேங்கையே மாற்றுவதென்றால் ரெண்டு பட்டன் வைத்ததாக வாங்குங்கள். உங்களுடைய பழசு ஒரு தடவைக்குப் பத்து லிட்டர் இழுக்கும். அதில் சின்ன பட்டனுக்கு மூன்று லிட்டர் போதும்.

செல்வம்: இது தெரியாமல் அரை வாளியில் குளித்திருக்கிறேனே!

ராமானுஜம்: இனி தாராளமாக ஒரு வாளி குளியுங்கள். சங்கத்தின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

செல்வம்: சரி சார். அப்புறம், கடைசி வரியில் 'பொதுப் பயன்பாடு 310 ரூபாய்' என்று இருக்கிறதே?

ராமானுஜம்: தோட்டம், படிக்கட்டு கழுவுவது, வகையறா. எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரிக்கிறோம்.

செல்வம்: (கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்து) கீழே ஹோஸ் பைப் ஓடுகிறதே, யாருடைய கார் அது? அதுதான் வகையறாவா?

ராமானுஜம்: ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தம்பி.

செல்வம்: அந்தக் குழாய்க்கு மீட்டர்?

ராமானுஜம்: அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவருவதாக...

செல்வம்: உங்கள் வீட்டு பில் எவ்வளவு சார்?

ராமானுஜம்: ஐந்து யூனிட். எல்லாம் சிக்கனம்தான்.

செல்வம்: வாட்ச்மேன்! அந்தக் குழாயை உடனே மூடுங்கள்!

ராமானுஜம்: ஐயையோ, மூடாதே! இப்போதுதான் சோப்பு போட்டிருக்கிறது!