பூக்கார ஆச்சிக்கு 500 ரூபாய்

வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டில் எடுத்த அந்த வீடியோவை நேற்றிலிருந்து ஏழெட்டுப் பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள். எனக்கு யாரும் அனுப்ப வேண்டியதில்லை. என் கடை வாசலில்தான் அது நடந்தது. பின்னால் நீலச் சட்டையில் நிற்பது நான்.

சோதனைக்கு வந்த அதிகாரிகள் ஆச்சியின் பூக்கூடைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கவர்க் கட்டை உருவி எடுத்து, உயர்த்திப் பிடித்துப் போட்டோ எடுத்து, 500 ரூபாய்க்குச் சீட்டுக் கிழித்துக் கையில் திணித்ததை எல்லாரும் பார்த்தீர்கள். அதற்குக் கீழே வந்த பின்னூட்டங்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "இப்படிப் போட்டால்தான் திருந்துவார்கள்." "ஊரை நாறடிப்பதே இவர்கள்தான்." என்னோடு எட்டாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் இருந்த ஒருவர் கைதட்டும் படம் போட்டிருக்கிறார்.

வீடியோவில் சத்தம் சரியாகக் கேட்காது. ஆச்சி என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "சீக்கிரம் எழுதச் சொல்லுங்க அண்ணாச்சி, வெயிலேறுது, பூ வாடிப் போவும்." அவ்வளவுதான். சண்டை போடவில்லை, அழவில்லை. முழம் முப்பது ரூபாய்க்கு விற்றால் அவருக்கு நிற்பது ஐந்தோ ஆறோ. 500 ரூபாய்க்கு எத்தனை முழம் என்று கைதட்டியவர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

சட்டம் தப்பு என்று நான் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'நீ கடைக்காரன், பிளாஸ்டிக்குக்கு வக்காலத்து வாங்குகிறாய்' என்று எழுதக் கை பரபரக்கும் ஆட்கள் இருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1. அன்றிலிருந்து என் கடையில் கைப்பிடிக் கவர் கிடையாது. பை கொண்டுவராதவர்களுக்குப் பழைய பேப்பரில் பொட்டலம் மடித்துத்தான் கொடுக்கிறேன், அதற்காகச் சில வாடிக்கையை இழந்தும் இருக்கிறேன். 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்று அரசு ஆரம்பித்தபோது சந்தோஷப்பட்டவன் நான். ஆச்சி கவர் வைத்திருந்தது தப்புதான். புனலூர், கொல்லம் பஸ் ஏறுகிறவர்கள், இலையில் கட்டினால் மடியில் தண்ணீர் சொட்டுகிறது என்று கவர் கேட்கிறார்கள், அவர் கொடுக்கிறார். நான் கேட்பது ஒரே ஒரு கேள்வி. தயாரித்து அனுப்புகிறவனிடம் யார் சீட்டுக் கிழித்தார்கள்?

வீடியோவில் வராத ஒன்றையும் சொல்கிறேன். என்னிடமும் கவர் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு பேர் கடைக்குள் வந்தார்கள். என் கடை முன்கம்பியில் பதினான்கு பாக்கெட் சரம் தொங்குகிறது. ஷாம்பு, காபித்தூள், ஊறுகாய், சலவைத்தூள், சிப்ஸ். வந்தவருக்கு அந்தச் சரம் முகத்தில் இடித்தது. அதைக் கையால் ஒதுக்கிவிட்டு, குனிந்து, மேஜைக்கு அடியில் கவர் இருக்கிறதா என்று தேடினார். ஒதுக்கிய சரம் திரும்ப வந்து அவர் காதில் உரசிக்கொண்டே இருந்தது. அது அவர் கண்ணில் குப்பையே இல்லை. ஒன்றிய அரசின் தடைப் பட்டியலிலும் அது இல்லை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க ஒன்றிய அரசு தடை செய்த பொருட்களில் உறிஞ்சுகுழல் உண்டு, காது குடையும் பஞ்சுக் குச்சி உண்டு, பலூன் குச்சிகூட உண்டு. ஷாம்பு சாஷே கிடையாது.

அன்று ராத்திரி கடையைச் சாத்தியதும் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு எதிரே இருக்கும் சாக்கடை வாறுகாலில் இறங்கினேன். கோபத்தில்தான் இறங்கினேன். பத்தடி தூரத்துக்குள் அரைச் சாக்கு நிறைந்துவிட்டது. வீட்டு முற்றத்தில் கொட்டிப் பிரித்தேன். ஆச்சி வைத்திருந்த ரகக் கவர் ஒன்பது. மற்றதெல்லாம் பேர் போட்ட, ஆலையிலேயே ஒட்டி வந்த பாக்கெட். பாதி என் கடையில் வாங்கியதாகவே இருக்கும், அதை மறுக்க மாட்டேன்.

காலையில் அதைப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனேன். பால் கவர் என்றால் எடைபோட்டு எடுத்துக்கொள்வார். இதைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார். "இத எவன் அண்ணாச்சி வாங்குவான்?" ஒரு பாக்கெட்டைக் கிழித்துக் காட்டினார். உள்பக்கம் வெள்ளி மாதிரி பூச்சு, வெளியே வழவழவென்று அச்சடித்த தாள், நடுவில் இன்னொரு அடுக்கு. ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது, பிரிக்க வழியில்லை. வாங்க ஆளில்லாத பொருளைப் பொறுக்கவும் ஆள் வராது. அதனால்தான் அது வாறுகாலில் கிடக்கிறது. நம் ஜனங்களுக்குச் சுத்தம் தெரியவில்லை என்று மேடையில் பேசுகிறவர்கள் இதையும் பேச வேண்டும்.

என் அப்பா 1978இல் இந்தக் கடையை ஆரம்பித்தார். எண்ணெய்க்குத் தூக்குவாளி கொண்டுவருவார்கள். புளியும் கருப்பட்டியும் ஓலைக் கொட்டானில் போகும். கலர் பாட்டில் பெட்டியோடு வரும், காலிப் பாட்டிலை எண்ணிக் கொடுத்தால்தான் அடுத்த பெட்டி. ஒரு பாட்டில் குறைந்தாலும் அப்பா கணக்கில் காசு பிடிப்பார்கள். அதனால் குடித்துவிட்டுப் பாட்டிலோடு நடக்கிற பையனை அப்பா தெருமுனைவரை துரத்திப் போவார். சின்ன வயதில் எனக்கு அது பெரிய வெட்கமாக இருக்கும். இப்போது நினைத்தால் தொண்டை அடைக்கிறது. பாட்டிலுக்கு ஒரு விலை இருந்தது, அதனால் தெருவில் ஒரு பாட்டில்கூடக் கிடக்கவில்லை. அப்புறம் கம்பெனிகள் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாறின. கண்ணாடியைத் திரும்ப ஏற்றி, கழுவி, நிரப்புகிற செலவு அவர்களுக்கு மிச்சம். அந்தச் செலவு எங்கும் போய்விடவில்லை. எங்கள் ஊர் வாறுகாலுக்கு வந்தது, தூர்வாருகிற தொழிலாளியின் கைக்கு வந்தது, இப்போது ஆச்சியின் சுருக்குப்பைக்கும் வந்துவிட்டது.

'அப்படியென்றால் ஏழைகள் ஷாம்பு போடக் கூடாதா?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சின்னப் பாக்கெட்டில் ஷாம்பு என்ற யோசனையே நம் கடலூர் சின்னி கிருஷ்ணனிடமிருந்து வந்தது. அவர் மகன் 1983இல் சிக் ஷாம்பு தொடங்கி, அதைச் சில்லறைக் காசுக்குக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். கூலி வேலை செய்கிற வீட்டில் முழு பாட்டில் வாங்க முடியாது, எனக்குத் தெரியாதா? என் வாடிக்கையே அவர்கள்தான். ஒரு ரூபாய்ப் பாக்கெட்டில் ஷாம்பு வரட்டும். அந்த உறை திரும்பிப் போகிற செலவையும் அதைச் செய்தவனே போடட்டும் என்கிறேன். பத்துக் காசு விலை ஏறும் என்றால் ஏறட்டும், காலி உறையைக் கொண்டுவந்தால் அந்தப் பத்துக் காசு அவர்களுக்கே திரும்பட்டும்.

இதெல்லாம் நடைமுறைக்கு வராது என்பவர்கள் நீலகிரியைப் பாருங்கள். டாஸ்மாக் பாட்டிலைக் குடித்துவிட்டுக் காட்டில் வீசி, உடைந்த கண்ணாடி யானைக் காலைக் கிழித்தது. உயர் நீதிமன்றம் விடாமல் கேட்ட பிறகு 2022 மே மாதத்திலிருந்து அங்கே பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கினார்கள், காலிப் பாட்டிலைக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பத் தந்தார்கள். பாட்டில்கள் திரும்பி வந்தன. நேற்றுவரை வீசிய அதே மனிதர்கள்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களுக்கு யாரும் விழிப்புணர்வு வகுப்பு எடுக்கவில்லை. மற்ற மாவட்டங்களுக்குக் கொண்டுபோனபோது, வைக்க இடமில்லை, எண்ண ஆளில்லை என்று கடை ஊழியர்கள் போராடினார்கள். அதுவும் நியாயம், கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஆள் போட வேண்டும். ஆனால் வழி இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி அத்தோடு முடிந்துவிட்டது.

சரி, சட்டம் கம்பெனிகளைக் கேட்கவே இல்லையா என்றால், கேட்டது. 2016இல் வந்த பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில், மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு உறைகளை இரண்டு வருஷத்துக்குள் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்தது. அதாவது என் கடைச் சரத்தை. கெடு முடிகிற நேரத்தில், 2018 மார்ச்சில், அந்த வரியைத் திருத்தினார்கள். மறுசுழற்சிக்கும் ஆகாத, எரித்து ஆற்றல் எடுக்கவும் ஆகாத, வேறு எந்த உபயோகமும் இல்லாத உறை என்று மாற்றினார்கள். எரித்தால் பிளாஸ்டிக் எரியத்தான் செய்யும். சிமெண்ட் ஆலை உலையில் போடலாம் என்று ஆனதும் தடைக்குள் வர ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரே ஒரு வரி. அதற்காக எந்தக் கம்பெனி முதலாளியும் வெயிலில் நிற்கவில்லை.

2022 பிப்ரவரியில் இன்னும் விரிவாக விதி வந்தது. பிளாஸ்டிக்கைச் சந்தையில் இறக்குகிற கம்பெனி அதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் தானே வந்து பொறுக்க வேண்டியதில்லை, மறுசுழற்சி செய்கிறவரிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். அடுத்த வருஷமே, சில மறுசுழற்சி நிறுவனங்கள் லட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ் உருவாக்கியிருப்பதை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கண்டுபிடித்தது. ஆச்சிக்குக் கிடைத்தது போலிச் சீட்டு இல்லை. நம்பர், தேதி, முத்திரை எல்லாம் சரியாக இருக்கிறது.

இன்னொரு கூட்டம், வழக்கம்போல, 'முதலில் மலையாளத்தான் கொண்டுவந்து கொட்டுகிற குப்பையை நிறுத்து' என்று எழுதியிருக்கிறது. கேரள எல்லையில் இருக்கும் புளியரை செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் வாழ்கிறவனுக்கு அந்தக் கோபம் இருக்காதா? 2024 டிசம்பரில் திருநெல்வேலி பக்கம் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக் கழிவைக் கொட்டியதும், பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகு கேரளா லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனதும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அள்ள வைத்தது நல்லது. ஆனால் அது ஏன் வருகிறது என்று யோசித்தீர்களா? என் சித்தப்பா மகன் லோடு வண்டி ஓட்டுகிறான். பாவூர்ச்சத்திரத்திலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு மலையேறுகிறான். வரும்போது வண்டி காலி, டீசல் கைக்காசு. அந்த நேரத்தில் ஒருவன் வந்து, 'மூட்டை கொஞ்சம் இருக்கு, அந்தப் பக்கம் எங்காவது இறக்கிவிடு' என்று ரிட்டன் லோடுக்குக் காசு நீட்டுகிறான். என் தம்பி முடியாது என்று சொல்லிவிட்டு வந்தான். மாதத் தவணை கழுத்தை நெரிக்கிற இன்னொருவன் என்ன செய்வான்? எங்கே கொட்டினால் செலவு குறைவோ அங்கே குப்பை இறங்கும். செக்போஸ்டில் பிடிபடுவதும் டிரைவர்தான்.

என் அக்காவைப் புனலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் குப்பை மலை பற்றி எரிந்து ஊரே புகையில் மூச்சுத் திணறிய பிறகு அங்கே நிறைய கெடுபிடி. ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாக வந்து பிளாஸ்டிக் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அக்கா கழுவி, காயவைத்து, மடித்துக் கொடுக்கிறாள், மாதம் ஐம்பது ரூபாயும் கொடுக்கிறாள். நல்ல ஏற்பாடு, நம் ஊரிலும் வர வேண்டும். ஆனால் அங்கும் கழுவுவது என் அக்கா, காசு கொடுப்பது என் அக்கா, சாக்கைத் தலையில் சுமப்பது இன்னொருத்தி. பாக்கெட்டில் பேர் போட்டவன் அந்த வாசலுக்கு வந்ததே இல்லை. எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவன் ஒருவன்தான், நாமோ இங்கே மலையாளி, தமிழன் என்று அடித்துக்கொள்கிறோம்.

போன மாதம் இதே பஸ் ஸ்டாண்டில் விழிப்புணர்வுப் பேரணி நடந்தது. பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். முடிந்ததும் ஆளுக்கு ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்தார்கள். பிள்ளைகள் போன பிறகு கிடந்ததை யார் கூட்டினார்கள் தெரியுமா? ஆச்சி. தன் கூடை வைக்கிற இடம் என்று விளக்குமாறு கொண்டுவந்து கூட்டினார். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டியவன் நான், கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். சார், இந்தச் சரத்துக்கும் சீட்டுப் போடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டிய மாதம் என்று பயந்துவிட்டேன்.

அந்த 500 ரூபாயை நான் கட்டிவிட்டதாக ஒருவர் பெருமையாக எழுதியிருக்கிறார். நான் கட்டவில்லை. கொடுக்கப் போனேன், ஆச்சி வாங்கவில்லை. "நான் வச்சிருந்தேன், நான் கெட்டுதேன்" என்று சொல்லிவிட்டார். வெள்ளியும் சனியும் அவர் கூடை வரவில்லை. இன்று காலையில் வந்துவிட்டார். நாலு கட்டு வாழையிலை வாங்கி என் கடைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்திருக்கிறேன், அதில்தான் கட்டிக்கொடுக்கிறார். கொல்லம் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் மடியில் ஒரு துண்டை விரித்துக்கொண்டு வாங்குங்கள். கைதட்டிய நண்பரும் வரலாம், பிச்சிப்பூ முழம் முப்பது ரூபாய்தான்.